பாம் கருவிக்குக் கீபோர்டு வாங்கும் முன் அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

கீபோர்டு வாங்கப் போனால் யாருக்குமே கை தானாகப் பட்டன்மேல்தான் போகும். நாலு பட்டனைத் தட்டிப் பார்ப்போம், சத்தம் பிடித்திருந்தால் வாங்கிவிடுவோம். மேசைக் கணினிக்கு அது போதும். சட்டைப் பையில் வைக்கிற பாம் (Palm) மாதிரியான பழைய கைக்கணினிக்கு அப்படி வாங்கினால், வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்த பிறகு அது சொருகவே சொருகாது. என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. பல வருடமாகப் பேப்பர் வெயிட்டாக வேலை பார்க்கிறது.

என்னுடைய கருவி பாம் எம்505. நான் வாங்கி வந்தது பாம் 3 வரிசைக்கான கீபோர்டு. பழைய சாமான் விற்பவர் "எல்லா பாமுக்கும் ஆகும் சார்" என்றார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. தெரிந்துகொண்டு போயிருக்க வேண்டியவன் நான்தான். அந்தப் பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். பரணில் கிடந்த பாமைத் தூசி தட்டி எழுத எடுத்திருப்பவர்களுக்கும், மலிவாகக் கிடைக்கிறதே என்று இப்போது ஒன்று வாங்கியிருப்பவர்களுக்கும் இது உதவும். போனோடு சேர்த்துக்கொள்ள மடக்குக் கீபோர்டு தேடுபவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பாம் என்று தமிழில் எழுதினால் வெடிகுண்டு என்றுதான் முதலில் படிப்போம். இது உள்ளங்கை என்ற பொருளில் வரும் பாம். ஒருமுறை ரயிலில் "என் பாமை எங்கே வைத்தேன்" என்று சத்தமாகக் கேட்டுவிட்டு, எதிர் சீட்டுக்காரரின் முகம் போன போக்கைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வரிசையின் முதல் கருவியை 1996இல் அமெரிக்காவின் யு.எஸ். ரோபாட்டிக்ஸ் நிறுவனம் பைலட் என்ற பெயரில் வெளியிட்டது. முகவரி, நாட்காட்டி, செய்ய வேண்டிய வேலைகள், குறிப்பேடு. முக்கியமான வேலை இந்த நாலுதான். 160க்கு 160 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் திரை, இரண்டு டிரிபிள் ஏ செல். நம் ஊரில் அப்போது பலர் டிஜிட்டல் டைரி வைத்திருந்தார்கள் இல்லையா, அதற்குப் பக்கத்து வீட்டுச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் டிஜிட்டல் டைரியில் குட்டிக் குட்டி எழுத்துப் பட்டன்கள் இருக்கும். பாமில் அதுவும் கிடையாது. ஒரு குச்சியை வைத்துக்கொண்டு, கிராஃபிட்டி என்ற தனி எழுத்து முறையில் திரைக்குக் கீழே உள்ள கட்டத்தில் எழுத வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே இழுப்பு. ஆங்கில ஏ எழுத, நடுக்கோட்டை விட்டுவிட்டுக் கூரை மாதிரி ஏறி இறங்கினால் போதும். போன் நம்பர் குறிக்க இது சுகமாக இருக்கும். ஒரு பக்கக் கடிதம் எழுதிப் பாருங்கள், விரல் கடுத்துவிடும். அதனால்தான் வெளிக் கீபோர்டு என்ற பொருளே பிறந்தது.

அதில் பேர் வாங்கியது 1999இல் திங்க் அவுட்சைட் நிறுவனம் கொண்டுவந்த ஸ்டோஅவே. நாலாக மடியும். மடித்தால் பாம் கருவியைவிடக் கொஞ்சம்தான் பெரிசு, விரித்தால் மேசைக் கீபோர்டின் எழுத்துப் பகுதி அப்படியே இருக்கும். பாம் நிறுவனமே அதைப் பாம் போர்ட்டபிள் கீபோர்டு என்று தன் பெயரில் விற்றது. விலை 99 டாலர்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதலில் கருவியைக் கவிழ்த்து அடி விளிம்பைப் பாருங்கள். கீபோர்டு சொருக வேண்டிய வாய் அங்கேதான் இருக்கிறது. பிரச்சினை என்னவென்றால், பாம் வரலாற்றில் அந்த வாய் மாறிக்கொண்டே வந்தது. 1998இல் வந்த பாம் 3க்கு ஒரு வகை வாய். அடுத்த வருடம் வந்த பாம் 5 ஒல்லியான உடம்பு, அதற்கு வேறு வாய். அதே 1999இல் வந்த ஹேண்ட்ஸ்பிரிங் வைசர் உள்ளே ஓடுவது அதே பாம் மென்பொருள்தான் என்றாலும், சொருகும் இடம் தனி ரகம். 2001இல் எம்500, எம்505 வந்தபோது யுனிவர்சல் கனெக்டர் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். டங்ஸ்டன் டி, டி2, டி3, சி எல்லாம் அதைத்தான் பயன்படுத்தின. பெயர்தான் யுனிவர்சல். 2004இல் டங்ஸ்டன் டி5, ட்ரியோ 650 இரண்டும் மல்டி கனெக்டர் என்ற இன்னொன்றுக்குத் தாவிவிட்டன. அடுத்த வருடம் வந்த ஈ2, டிஎக்ஸ் இரண்டுக்கும் அதே மல்டி கனெக்டர்தான்.

ஆகவே "பாம் கீபோர்டு" என்று மட்டும் சொல்லி விற்கிற எதையும் வாங்காதீர்கள். எந்த மாடலுக்கு என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால், கீபோர்டில் இருக்கும் சொருகு முனையைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, உங்கள் கருவியின் வாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாததால்தான் என்னிடம் பேப்பர் வெயிட் இருக்கிறது.

இதில் டங்ஸ்டன் ஈ வைத்திருப்பவர்கள் நிலைமை வேடிக்கையானது. 2003இல் வந்த அந்தக் கருவியில் சொருக இருப்பது ஒரு மினி யுஎஸ்பி ஓட்டை மட்டும். யுஎஸ்பிதானே, கணினிக் கீபோர்டை ஒரு கன்வெர்ட்டர் போட்டுச் சொருகலாமே என்று தோன்றும். நடக்காது. யுஎஸ்பி இணைப்பில் ஒரு பக்கம் முதலாளி, மறுபக்கம் வேலையாள். கணினி முதலாளி, கீபோர்டு வேலையாள். பாம் கருவி கணினியோடு பேசுவதற்காக வேலையாளாகவே செய்யப்பட்டது. இரண்டு வேலையாட்களைக் கட்டிப்போட்டால் ஒருவர் வாயையும் ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். இன்றைய ஆண்ட்ராய்டு போன்களில் ஓடிஜி என்று சொல்கிறோமே, அது போனை முதலாளி நாற்காலியில் உட்கார வைக்கிற ஏற்பாடு. பாமுக்கு அந்த யோகம் இல்லை.

வாய் பொருந்தாவிட்டால் வழியே இல்லையா? இருக்கிறது, இன்ஃப்ராரெட். டிவி ரிமோட் வேலை செய்கிற அதே கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். பெரும்பாலான பாம்களில் தலைப்பக்கம் ஒரு சின்னக் கறுப்பு ஜன்னல் இருக்கும். இரண்டு பேர் தலையோடு தலை காட்டி விசிட்டிங் கார்டு பரிமாறிக்கொண்டது அதன் வழியாகத்தான். பாம் நிறுவனம் விற்ற யுனிவர்சல் வயர்லெஸ் கீபோர்டு இந்த முறையில் வேலை செய்யும். பின்னாலிருந்து கொக்கின் கழுத்து மாதிரி ஒரு கை மேலே எழும்பி, கருவியின் தலையில் இருக்கும் ஜன்னலைப் பார்த்து நிற்கும். எந்த மாடலாக இருந்தாலும் ஜன்னல் ஒன்றுதான் என்பதால் வாய்ப் பிரச்சினையே இல்லை. டங்ஸ்டன் ஈக்காரர்களுக்கு இதுதான் கதி.

ஆனால் வெயிலில் உட்காரக் கூடாது. சூரிய வெளிச்சத்திலும் இன்ஃப்ராரெட் ஏராளம், நேராக அடித்தால் எழுத்து விட்டு விட்டு விழும். திறந்த மொட்டை மாடியில் கவிதை எழுதும் ஆசை இருந்தால் சாயங்காலம் வரை பொறுத்திருங்கள்.

மூன்றாவது, புளூடூத். 2002இல் வந்த டங்ஸ்டன் டியிலேயே உள்ளே வைத்துவிட்டார்கள். கையும் வேண்டாம், வாயும் வேண்டாம், கருவியை எங்கே வேண்டுமானாலும் சாய்த்து வைக்கலாம். இன்று போனுக்கு வாங்குகிற எல்லோருக்கும் இதுதான் வசதி, எச்ஐடி என்ற பொது முறையில் பேசும் கீபோர்டு எதுவாக இருந்தாலும் போன் தானாகப் புரிந்துகொள்ளும். பாம் அப்படிப் புரிந்துகொள்ளாது. அதற்கு டிரைவர் வேண்டும்.

டிரைவர் என்பது மொழிபெயர்ப்பாளர். கீபோர்டு "மூன்றாம் வரிசை, ஐந்தாம் பட்டன்" என்று சொல்வதை இன்ன எழுத்து என்று கருவிக்குச் சொல்லும் சின்ன மென்பொருள். அந்தக் காலத்தில் சிடியில் வரும். பழையதாக வாங்குகிறபோது சிடி இருக்காது, இருந்தாலும் சொருகக் கணினியில் இடம் இருக்காது. அதனால் கீபோர்டின் மாடல் பெயரை வைத்து டிரைவர் கோப்பு கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள், கிடைத்த பிறகு கீபோர்டுக்குக் காசு கொடுங்கள். வரிசை மாறக் கூடாது. இன்னொன்று, ஓஎஸ் என்பது கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருள்; 2002 முதல் வந்த பாம் ஓஎஸ் 5 கருவிகளில் இருப்பது வேறு வகைச் சில்லு. ஓஎஸ் 3 காலத்து டிரைவர் அதில் தகராறு செய்யலாம், உங்கள் பதிப்புக்கு உரியதைத் தேடி எடுங்கள். எம்500 முதல் பல கருவிகளில் எஸ்டி கார்டு சொருகலாம். கார்டில் பாம் என்ற கோப்புறை, அதற்குள் லாஞ்சர் என்று இன்னொன்று. பிஆர்சி என்று முடியும் டிரைவர் கோப்பை அதற்குள் போட்டால் கருவி கண்டுகொள்ளும். கணினியோடு ஒத்திசைக்கும் பழைய மென்பொருளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

மின்சாரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அடியில் சொருகும் ஸ்டோஅவே வகைக்குத் தனியாக பேட்டரி இல்லை, கருவியிலிருந்தே குடிக்கும். இன்ஃப்ராரெட், புளூடூத் கீபோர்டுகளுக்குத் தனி பேட்டரி வேண்டும். பழைய பாம்களில் எழுதியதெல்லாம் மின்சாரம் இருக்கும்வரைதான் நிற்கும். செல் முழுதாக இறங்கினால் அத்தனையும் போய்விடும். நீண்ட நேரம் தட்டச்சு செய்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

அடுத்து, எங்கே உட்கார்ந்து எழுதப் போகிறீர்கள்? இதை யாரும் யோசிப்பதில்லை. கடையில் மேசைமேல் வைத்துத்தான் காட்டுவார்கள். நாம் எழுதப் போவதோ பேருந்தில், மருத்துவமனை வராந்தாவில், கல்யாண மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில். அங்கே மேசை இல்லை, மடிதான் இருக்கிறது.

நாலாக மடியும் கீபோர்டுக்கு மூன்று மடிப்பு. விரித்த பிறகு அந்த மடிப்புகள் இறுகப் பூட்டிக்கொள்கிறதா, இல்லையா என்பதுதான் கேள்வி. பூட்டாத ரகம் என்றால் மேசையில் ராஜா, மடியில் ஈரத் துணி. நடுவில் தொய்ந்து, ஒரு பட்டனை அழுத்தினால் பக்கத்துப் பலகையே எழும்பும். வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனை எளிது: விரித்த கீபோர்டை இரண்டு ஓரத்திலும் பிடித்து மேசையிலிருந்து ஒரு விரற்கடை தூக்கிப் பாருங்கள். நேராக நின்றால் மடிக்கு ஆகும். வளைந்தால், நான் செய்ததைச் செய்யலாம். பையனின் பரீட்சை அட்டையை இரவல் வாங்கி மடியில் வைத்து அதன்மேல் விரித்தேன். நீளவாக்கில் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. கிளிப் இருக்கிற பக்கம் மட்டும் இடது ஓரத்தில் கொஞ்சம் இடிக்கும். அவனுக்குப் பரீட்சை இருக்கிற வாரங்களில் நான் எழுதுவதில்லை.

மடியாமல் ஒரே பலகையாக இருப்பவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. அப்படிப்பட்டது பைக்குள் போகாது என்று சிலர் ஒதுக்குவார்கள். தோள்பை எப்படியும் தூக்குகிறவர் என்றால் எதற்கு மடக்க வேண்டும்? எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: மடிப்பு என்பது சட்டைப் பைக்காரர்களுக்கு மட்டும் தேவையான வசதி, மற்றவர்களுக்கு அது பிற்காலத்தில் உடையப்போகிற ஓர் இடம்.

இப்போதுதான் பட்டன்களுக்கு வருகிறோம்.

ஒரு பட்டனின் நடுவிலிருந்து அடுத்த பட்டனின் நடுவுக்கு இருக்கும் தூரம் முழு அளவுக் கீபோர்டில் 19 மில்லிமீட்டர். கையில் பள்ளிக்கூட ஸ்கேல் இருந்தால் போதும். மேல் எழுத்து வரிசையில் க்யூவின் நடுவிலிருந்து பியின் நடுவரை அளந்து பாருங்கள். ஒன்பது தாவல், 17 செ.மீ.யும் ஒரு மில்லிமீட்டரும் வந்தால் முழு அளவு. 15 செ.மீ.க்குப் பக்கத்தில் வந்தால் ஒவ்வொரு பட்டனும் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நெருங்கியிருக்கிறது என்று பொருள். பார்க்க ஒன்றும் தெரியாது, விரலுக்குத் தெரியும். இரண்டு விரலால் தேடித் தேடி அடிப்பவருக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஏ எஸ் டி எஃப் அடித்து லோயர், ஹையர் முடித்தவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். பத்து விரலும் பழைய தூரத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கின்றன.

நடுவில் மட்டும் மடியும் இரண்டு பலகை ரகத்தில் இன்னொரு சிக்கல். மடிப்பு ஜிக்கும் எச்சுக்கும் நடுவில் ஓடும், ஸ்பேஸ் பாரும் இரண்டு துண்டாகும். ஆங்கில பி எழுத்தை (பாம்பேயின் பி) வலக்கை விரலால் அடித்துப் பழகியவர்கள் ஒவ்வொரு முறையும் அந்தப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். உங்களுக்கு எந்தக் கை போகிறது என்று உங்களுக்கே தெரியாது. இப்போது மேசைமேல் விரலை வைத்து அடித்துப் பாருங்கள்.

அப்புறம், எத்தனை வரிசை? இடத்தைச் சேமிக்கச் சில கீபோர்டுகளில் எண் வரிசையையே எடுத்துவிட்டு, எஃப்என் என்ற பட்டனோடு சேர்த்து அழுத்தினால் எண் வரும்படி செய்திருப்பார்கள். கதை எழுதுபவருக்குப் பரவாயில்லை, கணக்கு எழுதுபவருக்குத் தலைவலி. எண்ணோடு சேர்ந்து ஓரத்துக் குறியீட்டுப் பட்டன்களும் காணாமல் போயிருக்கின்றனவா என்று பாருங்கள். இங்கேதான் தமிழில் எழுதுபவர்கள் ஏமாறுகிறோம்.

பாமுக்குத் தமிழ் இயல்பாக வராது, யூனிகோடு காலத்துக்கு முந்தின கருவி. ஆகவே இது போனுக்கு வாங்குபவர்களுக்கான எச்சரிக்கை. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையில் தட்டச்சு செய்கிறீர்களா? அதில் ச, ஞ இரண்டும் சதுர அடைப்புக்குறிப் பட்டன்களில் இருக்கின்றன. ந அரைப்புள்ளிப் பட்டனில், ய மேற்கோள் பட்டனில், ழ சாய்கோட்டுப் பட்டனில். ஆங்கிலக்காரர் பார்வையில் இவையெல்லாம் அரிதாகத் தேவைப்படும் குறிகள், சின்னக் கீபோர்டில் முதலில் பலியாவதும் இவைதான். "யாழ்" என்று எழுத நாலு தட்டு: மேற்கோள், க்யூ, சாய்கோடு, எஃப். அதில் இரண்டு இல்லாத பட்டனாக இருந்தால் என்ன செய்வது? எஃப்என் அழுத்திக்கொண்டே தமிழ் எழுதுவது ஒரு கையைக் கட்டிக்கொண்டு கோலம் போடுவது மாதிரி. ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழாக்கிக்கொள்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, 26 எழுத்து இருந்தால் அவர்களுக்குப் போதும்.

பட்டனே இல்லாத வேடிக்கைகளும் வந்தன. சுருட்டி வைக்கும் ரப்பர்ப் பாய், மேசைமேல் சிவப்பு வெளிச்சத்தில் கீபோர்டு படம் விழுந்து அதன்மேல் தட்டுவது. நண்பர்களுக்குக் காட்டி அசத்தலாம். பட்டன் இறங்கி எழும் உணர்வு இல்லாமல் விரல் எங்கே இருக்கிறது என்று மூளைக்குத் தெரிவதில்லை, ஒரு பத்திக்கு மேல் யாரும் தாங்கியதாக நான் பார்த்ததில்லை.

பழையதாக வாங்குவதால் இன்னும் சில. பேட்டரி மூடியைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள், செல் கசிந்த அடையாளம் அது. மடிப்புக்குள் மெல்லிய நாடா வயர் ஓடும், அது நைந்துபோனால் ஒரு பலகையில் உள்ள எழுத்துகள் கூட்டாக வேலை செய்யாது. தனியாக ஒரு பட்டன் போனால் அழுக்காக இருக்கலாம், சுத்தம் செய்து பார்க்கலாம். பக்கத்துப் பக்கத்துப் பட்டன்கள் சேர்ந்து போயிருந்தால் பேரமே பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். தொலைவிலிருந்து வாங்குவதென்றால் எல்லா எழுத்தையும் வரிசையாக அடித்து வீடியோ அனுப்பச் சொல்லலாம்.

எல்லாம் பொருந்தி, டிரைவரும் ஏறி, முதல்முறையாக வேகமாக எழுத ஆரம்பிக்கும்போது இன்னொரு சுவர் வரும். பழைய பாம்களின் குறிப்பேட்டில் ஒரு குறிப்புக்கு 4 கிலோபைட்தான் இடம், அதாவது நாலாயிரத்துச் சொச்சம் ஆங்கில எழுத்து. குச்சியால் எழுதிய காலத்தில் அது பெரிய மைதானமாக இருந்தது. லோயர் வேகம் நிமிடத்துக்கு 30 சொல், அந்த வேகத்தில் அடித்தாலே அரை மணிக்குள் நிரம்பிவிடும். வேர்ட்ஸ்மித், டாக்குமென்ட்ஸ் டு கோ மாதிரியான எழுதும் மென்பொருளை ஏற்றிக்கொண்டால் இந்தத் தடை இல்லை. நான் ஏற்றவில்லை. குறிப்பு நிரம்பியதும் அடுத்த குறிப்பைத் திறந்து தலைப்பில் 2 என்று போட்டுத் தொடர்கிறேன், அந்த இடைவெளியில் எழுந்து ஒரு டீ போடலாம்.